தேயிலைப் பெட்டியில் வைத்த புளி

என் வீட்டில் எந்தப் பெட்டியும் சும்மா இருக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம். பழைய பெட்டிகளை வாங்கிக் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கி, வருகிறவர்களிடம் "தொட்டுராதீங்க" என்று சொல்லும் ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பெட்டி செய்தவன் அதில் எதையாவது போட்டு வைக்கத்தான் செய்தான். இலங்கையிலிருந்து வந்த, முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டியில் எங்கள் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் இருக்கும். பர்மாக்காரர்கள் வெற்றிலைக்காகச் செய்த சிவப்பு அரக்குப் பெட்டியில் நூல்கண்டுகள். முத்து வியாபாரி ஒருவர் வீட்டிலிருந்து வந்த தேக்குப் பெட்டிக்குள் சின்னச் சின்ன அறைகள் உண்டு. ஒரு காலத்தில் முத்தைத் தரம் பிரித்துப் போட்ட அந்த அறைகளில் நான் சட்டைப் பித்தான்களைத் தரம் பிரித்துப் போட்டிருந்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தையல் டீச்சராக இருந்தவளுக்குப் பித்தானுக்கா பஞ்சம்.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "இந்த வீட்ல ஒரு ஊக்கு எடுக்கணும்னா ஏழு பெட்டியத் தொறக்கணும். எட்டாவதுல பல்லி இருக்கும்" என்பார். ஆனால் கீல் ஆடுகிற பெட்டிக்குக் கச்சிதமான ஸ்க்ரூ தேடி வாங்கிவந்து, உட்கார்ந்து மாட்டித் தருகிறவரும் அவர்தான். துறைமுகம் போகும் ரோட்டில் அவருக்கு பாட்டரிக் கடை இருந்தது. லாரி பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, செத்த பாட்டரியைப் பிரித்துத் தகடு மாற்றுவது, புதுசு விற்பது எல்லாம் உண்டு. கூட வேலை பார்த்தவன் நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அவன் என்னை அக்கா என்பான், அவரை அண்ணாச்சி என்பான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் நான் பெட்டி சேர்க்கிறேன் என்று சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. பெட்டி அழகாக இருக்கும், வாங்குவேன், அவ்வளவுதான்.

பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் எனக்கு வாடிக்கை. யாராவது வீட்டை இடித்தால், பெட்டி எதுவும் கிடைத்தால், முதலில் என் போனுக்குத்தான் படம் வரும். அப்படி வந்ததுதான் அந்தத் தேயிலைப் பெட்டி. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பம் ஒன்றின் வீட்டை இடித்தபோது பரணிலிருந்து இறக்கியதாகச் சொன்னார். கறுப்பு மெருகு, அதன் மேல் தங்க நிறத்தில் பூவும் குருவியும். மூடியைத் திறந்தால் உள்ளே நாலு பக்கமும் அடியிலும் சாம்பல் நிறத் தகடு அடித்திருந்தது. நகத்தால் அழுத்தினால் கோடு விழும், அத்தனை மிருது.

"தேயிலை வந்த பெட்டி டீச்சர்" என்றார் கடைக்காரர். "உள்ள தகடு அடிச்சிருக்கான் பாருங்க. பூச்சி வராது, காத்து ஏறாது. இதுக்குள்ள என்னத்தப் போட்டாலும் போட்டபடி கெடக்கும்."

அவரைக் குறை சொல்லி லாபமில்லை. அவர் தேயிலையைப் பற்றிப் பேசினார், நான் புளியை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வருடப் புளியைக் காப்பாற்றுவது பெரிய பாடு. பங்குனி, சித்திரையில் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து புதுப் புளி வரும். வாங்கிக் காயப்போட்டு, கொட்டையும் நாரும் எடுத்து, கல் உப்புப் போட்டுப் பிசைந்து அடைத்து வைப்போம். கடல் காற்றுக்கு அந்த உப்பு ஈரத்தை இழுத்து, புளி நீர்விட்டுக்கொண்டே இருக்கும். மண்பானையில் வைத்தால் பானை பொரிந்து உதிரும். பிளாஸ்டிக் வாளியில் வைத்தால் பிளாஸ்டிக் வாடை அடிக்கும், எனக்கு ஆகாது. பெரிய பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது, அதை நானே கைதவறிப் போட்டு உடைத்திருந்தேன். அந்த நேரத்தில் இந்தப் பெட்டி வந்தது.

பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்பது எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுவார்கள். பூசிவிட்டால் புளிக்குழம்பே வைக்கலாம், பயமில்லை. பெட்டிக்குள் இருந்த தகட்டைப் பார்த்ததும் என் புத்தி நேராக அங்கேதான் போனது. பூச்சே இவ்வளவு காப்பாற்றும் என்றால், முழுத் தகடு எவ்வளவு காப்பாற்றும் என்று நினைத்தேன். அது பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் இல்லை, பாட்டரிக்குள் இருக்கிற காரீயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காரீயத்தை வைத்துப் பிழைப்பு நடத்திய மனுஷனின் பெண்டாட்டி நான். கடைக்கு நான் போனதே வருடத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு.

பெட்டியை நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, வருடப் புளி மொத்தத்தையும் அதில் அடைத்தேன். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்தபோது அடுக்களையே பெரிய வீட்டு அடுக்களை மாதிரி ஆகிவிட்டது. பார்க்கிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். புளி கெடவே இல்லை. கறுத்து, பளபளவென்று இருந்தது. தகட்டின் மேல் அங்கங்கே வெள்ளையாகப் பூக்கும். உப்புப் பூத்திருக்கிறது என்று துடைத்துவிடுவேன். துடைக்கச் சோம்பல்பட்ட நாட்களில் அதையும் சேர்த்தே உருட்டி எடுத்திருக்கிறேன்.

எனக்கு வயிற்றுப்புண். டாக்டர் புளியை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. எனக்குப் பருப்பும் மோரும், அவருக்கு மட்டும் தனியாக மீன்குழம்பும் ரசமும். அந்த வருடம் சாளைமீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "என்னளா செஞ்ச? புளிப்பு உறைக்கல. ஒரு இனிப்பு மாதிரில்லா இருக்கு" என்றார். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த சித்திரையிலும் புதுப் புளி வாங்கி அதே பெட்டியில் அடைத்தேன்.

முதலில் வயிற்றுவலி வந்தது. கடையில் வடை தின்றிருப்பார் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். பிறகு மலச்சிக்கல், பிறகு தலைவலி. வாயில் எப்போதும் செம்புக்காசு வைத்த மாதிரி இருக்கிறது என்றார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. சத்தம்போட்டுப் பேசத் தெரியாத மனுஷன், ஒரு நாள் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஊருக்குள் மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர் அல்சர் என்றார், ஒருவர் கவலை என்றார், மூன்றாமவர் குடல்வால் என்று ஆப்பரேஷனுக்கே நாள் பார்த்தார். அதற்குள் வலது கை மணிக்கட்டு தொங்கிப்போனது. கடை ஷட்டரைத் தூக்கப் போனவர், கை எழும்பாமல் அங்கேயே நின்றுவிட்டார் என்று தம்பி போனில் சொன்னான்.

திருநெல்வேலியில் ஒரு பெரிய டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன தொழில் பாக்கீங்க?" என்பதுதான். பாட்டரிக் கடை என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். ரத்தம் முழுக்க லெட், அதாவது காரீயம். இனி கடைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கை கழுவாமல் டீ குடிப்பீர்கள், அந்தக் கையோடே வெற்றிலை போடுவீர்கள், எத்தனை தடவை சொன்னேன், என் பேச்சை எங்கே கேட்டீர்கள் என்று பத்துப் பேர் பார்க்கப் பொரிந்து தள்ளினேன். பயத்தில் பேசினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் பாதி, என் வாய் பாதி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சத்தம் போடாதளா. தப்பு என் மேலதான்" என்றார்.

தம்பிக்கும் ரத்தம் பார்த்தோம். அவனுக்கும் கொஞ்சம் இருந்தது, ஆனால் டாக்டர் கவலைப்படும் அளவுக்கு இல்லை. இருபது வருடம் அதே தகட்டைப் பிடித்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் இப்படி என்று எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "அவன் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சோத்துல கை வைப்பான்" என்று காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார். கடையை விற்றோம். போர்டை இறக்கும்போது அவரும் வந்து நின்றார். ஏணியைப் பிடிக்கக்கூடக் கைக்கு வலு இல்லை. வாங்கியவர் தன் ஆட்களோடு வந்தார், அதனால் தம்பிக்கும் அங்கே வேலை போயிற்று.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்து, லெட்டை இறக்கும் மருந்து கொடுத்தார்கள். நன்றாகத் தேறினார். வீட்டுக்கு வந்ததும் வாய்க்கு ருசியாக வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போன மனுஷனுக்கு நான் தினம் ஒரு குழம்பு வைத்தேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் வயிற்றுவலி. இந்தத் தடவை டாக்டருக்கே குழப்பம். வீட்டில் பழைய பெயிண்ட் இருக்கிறதா, நாட்டு மருந்து எதுவும் சாப்பிடுகிறாரா, பாத்திரம் பண்டம் ஏதாவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "எங்க வீடு சுத்தமான வீடு டாக்டர்" என்று முகத்தில் அடித்தமாதிரி சொன்னேன்.

அடுத்த பங்குனி வந்தது. புதுப் புளி வாங்க வேண்டும் என்பதற்காக ஒரு மத்தியானம் பின்கட்டில் உட்கார்ந்து பெட்டியைக் காலி செய்து கழுவிக்கொண்டிருந்தேன். அடித்தகடு நைந்துபோயிருந்தது. சில இடங்களில் ஓட்டை விழுந்து மரம் தெரிந்தது. தேய்த்தபோது ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. அவரைப் பார்க்க வந்த தம்பி, அவர் தூங்குவதால் பின்பக்கம் வந்து என்னோடு பேசிக்கொண்டு நின்றான். அந்தத் துண்டை எடுத்து விரலால் மடக்கினான், நிமிர்த்தினான். குத்தவைத்து உட்கார்ந்து சிமெண்டுத் தரையில் ஒரு இழுப்பு இழுத்தான். பென்சில் போட்டமாதிரி சாம்பல் கோடு விழுந்தது.

"அக்கா, இதுல என்ன வச்சிருந்தீங்க?"

"புளி."

அவன் இன்னொரு கோடு இழுத்தான்.

"இது நம்ம கடைச் சரக்குல்லா" என்றான்.

"நல்லாப் பாரு தம்பி."

"இருவது வருசமா இதத்தானக்கா கையில பிடிக்கேன்."

ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "அண்ணாச்சி கடைய வித்துட்டாகளே" என்று மட்டும் சொன்னான். அதையும் எனக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"நானே அவுககிட்ட சொல்லுதேன். நீ வாயத் தொறக்காத" என்றேன். பெட்டியை உடைத்து எங்கேயாவது கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். தகட்டையும் மிச்சப் புளியையும் அந்தப் பூப்போட்ட பலகைகளையும் சாக்கில் கட்டி சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனான். மறுநாள் வந்து வீட்டில் இருந்த மற்றப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தான். வேறு எதிலும் இல்லை.

டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். புளியின் புளிப்பு அந்தத் தகட்டைத் தின்னும், அப்புறம் அந்தப் புளி இனிப்பாகத்தான் இருக்கும் என்றார். "உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அறுபது வயதில், ஒரு டாக்டர் முன்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பொய் சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் மனசு தாங்காது, உடம்பு தேறட்டும் என்பதெல்லாம் அக்கம்பக்கத்துக்குச் சொல்கிற காரணம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படிப் பேசிவிட்டு, அந்தப் பேச்சை எடுத்து என் தலையில் நானே போட்டுக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. கடை போயிற்று. அதை அவர் திரும்பக் கேட்டால் நான் எங்கிருந்து கொடுப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

அந்த நாட்களில் அவர் வேறு ஆளாகிவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பழைய தொழில்காரர்கள் பார்க்க வந்தால், "ஏலே, கையக் கழுவாம திங்காதீங்கலே. என்னப் பாருங்க" என்று தொங்கிய கையைத் தூக்கிக் காட்டுவார். இருபத்தைந்து வருடம் தெருவில் அவரைவிட நேர்த்தியாகப் பாட்டரி கட்ட ஆள் கிடையாது. அந்த மனுஷன் தன் தொழிலைத் தானே பழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் தம்பி வந்தான். சொந்தமாகச் சின்னதாக ஒரு பாட்டரிக் கடை போட இடம் பார்த்திருப்பதாகவும், அண்ணாச்சி வந்து திறந்து வைக்க வேண்டும் என்றும் சொன்னான். இவருக்கு முகமே மாறிவிட்டது.

"வேண்டாம்டா. ரெண்டு பொம்பளப் பிள்ள வச்சிருக்க. என் கதி ஒனக்கு வேண்டாம். இந்தத் தொழில் பக்கம் போவ மாட்டேன்னு எனக்குச் சொல்லு."

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் எவ்வளவு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். நான் தலையைத் தூக்கவில்லை.

"சரி அண்ணாச்சி. போவல" என்றான்.

சொன்னபடி போகவும் இல்லை. இப்போது லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறான். வெயிலில் கண் சிவந்து, பாதம் வெடித்து, அறுபது வயசுக்காரன் மாதிரி ஆகிவிட்டான். கை சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவன். அவனுக்கு அந்தத் தொழிலில் ஒன்றும் ஆகியிருக்காது.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. புதிதாக லெட் ஏறவில்லை, ஏறினது செய்த வேலை அது என்றார் டாக்டர். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஒரு காலையில் இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கியவர் போதும் என்று கையைக் காட்டினார்.

"இத்தன வருசமா அந்தச் சட்டையோடதான வீட்டுக்குள்ள வந்தேன். நீதான தொவச்ச. ஒனக்கு ஒண்ணும் ஆவாம விட்டானே கடவுள், அது போதும்ளா" என்றார்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

"கடை இல்லங்க. நான்தான். அந்தக் கறுப்புப் பெட்டில வச்ச புளி" என்று ஆரம்பித்தேன். தகடு, வெள்ளைப் பூப்பு, இனிப்பு, தம்பி தரையில் இழுத்த கோடு, டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கண்ணைத் திறந்து சிரித்தார்.

"எத்தன நாளா யோசிச்ச இத?"

"யோசிக்கலங்க. நடந்தது. தம்பிகிட்ட கேளுங்க."

"அவனையும் சொல்லி வச்சிருப்ப."

"டாக்டர்கிட்ட கேளுங்க."

"நீ பேசுனா டாக்டர் மறுக்கவா போறாரு? சரி, அந்தப் பெட்டி எங்க? அதக் கொண்டா பாப்போம்."

"ஒடச்சுப் போட்டாச்சு."

அதைக் கேட்டு அவர் சத்தம் வரச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிட்டேன். "நீயாவது, பெட்டிய ஒடைக்கவாவது" என்றார். மணிக்கட்டு தொங்கிய அந்தக் கையை மெதுவாக நகர்த்தி என் கைமேல் வைத்தார். "என் தப்ப நீ எடுத்துச் சொமக்க வேண்டாம்ளா. ஆனா எனக்காவ இப்படி ஒரு கதை கட்டிருக்க பாத்தியா. அன்னைக்கு ஆஸ்பத்திரில பேசுனதுக்கு ஒம்மேல எனக்கு இருந்த வருத்தமெல்லாம் போச்சு."

சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தம்பியைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதிதான். தட்டை எடுத்துக்கொண்டு, இன்னொரு வாய் சாப்பிடுங்கள் என்றேன். சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். நான் மறுபடி சொல்லவில்லை.